ரொட்டிக்கு முந்தைய வரி

சொல்வேஸி
11 ஜனவரி

பானா லுபுட்டோவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே கத்த ஆரம்பித்துவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு முன்பு அப்படித்தான் ஆயிற்று. அதனால் எழுதுகிறேன். சுரங்க அலுவலகத்தில் ஒரு கணினி இருக்கிறது, சாப்பாட்டு வேளையில் அதை யாரும் தொடுவதில்லை.

ப்ரிஸ்கா அக்கா நேற்று ஒரு படம் அனுப்பினாள். இணையத்தில் மழை அளக்கிறவர்கள் கூட்டம் ஒன்று இருக்கிறதாம். புதிதாகச் சேருகிறவர்கள் தங்களைப் பற்றி எழுத வேண்டுமாம். நீ எழுதியதை யாரோ படம் பிடித்து நம் சபைப் பெண்களின் வாட்ஸ்அப்பில் போட, அது அக்காவிடம் வந்து, அவள் எனக்கு அனுப்பிவிட்டாள். "தம்பி, உன் பொண்டாட்டி ஊருக்கெல்லாம் தன்னை யாருன்னு சொல்லிக்கிட்டா. உனக்குச் சொல்லியிருக்காளா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில், மெர்விஸ் சம்பா என்று போட்டிருக்கிறாய். என் குடும்பப் பெயர் கட்டோங்கோ எங்கே போயிற்று? கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது.

கோல்கீப்பராக இருந்தாயாம். எந்த அணியில்? என்னோடு உட்கார்ந்து எத்தனை ஆட்டம் பார்த்திருப்பாய், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நம்புவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைச் சபைக்குத் தெரியும்படி எழுத வேண்டுமா? அக்காவின் முகத்தை நினைத்துப் பார்த்தாயா?

"தூரத்தில் இருக்கும் ஒருவரின் மனைவி." ஒருவர்! வழிப்போக்கனைப் போல. நான் என்ன ஆசைப்பட்டா இங்கே இந்தச் செம்மண்ணில் டம்பர் லாரிகளுக்கு அடியில் படுத்துக்கிடக்கிறேன்?

ரொட்டி சுடத் தெரியாதவள் என்றும் ஒரு வரி. அதையெல்லாம் எதற்கு உலகத்துக்குச் சொல்வது?

இன்னொன்று. வேலிக் கம்பத்தில் கட்டியிருக்கிறாயே, மேல்பாதி வெட்டிய அந்த பிளாஸ்டிக் பாட்டில், அது கோழிக்குத் தண்ணீர் வைப்பது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போன ஈஸ்டருக்கு வந்தபோது அதை எடுத்துப் பல் விளக்கினேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை.

நம் பெண் லுபுட்டோவுக்குப் பள்ளிச் சீருடை போதுகிறதா என்று எழுது.

பாஷி லுபுட்டோ


லுவான்ஷியா
13 ஜனவரி

பாஷி லுபுட்டோ,

சீருடை போதவில்லை. பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிட்டேன்.

படம் கைமாறி வந்ததில் ஏதாவது வெட்டுப்பட்டிருக்கும் என்று நினைத்து, நான் எழுதியதை முழுதாகக் கீழே போடுகிறேன். அந்தக் கூட்டத்தை நடத்துவது மவுன் ஊரில் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள். "வேலையை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், உங்களுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்" என்று அவர்தான் கேட்டிருந்தார். நான் எழுதியது இது:

"என் பெயர் மெர்விஸ் சம்பா. எல்லோரும் பானா லுபுட்டோ என்பார்கள், லுபுட்டோவின் அம்மா. ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, தட்டில் அடுக்கிக் கொடுப்பவள். லோஸி இனத்து அம்மாவுக்கும் பெம்பா இனத்து அப்பாவுக்கும் பிறந்ததால், துக்க வீடுகளில் வேற்று இனத்தார் வழக்கமாகச் செய்யும் கேலி இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எனக்கே. ஒரு காலத்தில் கோல்கீப்பர். சபைப் பாடகர் குழுவில் தாழ்குரல், ஆனால் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். துப்பறியும் கதைகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பேன். என்னைவிட உயரமாகிவிட்ட ஒரு பெண்ணின் அம்மா. தூரத்தில் இருக்கும் ஒருவரின் மனைவி. அக்டோபரிலிருந்து இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ரொட்டி சுடத் தெரியாது. ஒன்பது வருடமாக வீட்டு வேலியில் மழை அளக்கிறேன். இவர்களில் யாரை வேண்டுமானாலும் நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்களும் கூடவே வந்துவிடுவார்கள்."

அவ்வளவுதான்.

ரொட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்கு வந்த படத்தில் அந்த வரி விழாமல் போயிருந்தால், இப்போது படித்துக்கொள்ளுங்கள். விழுந்திருந்தால் நான் சொல்ல ஒன்றுமில்லை.

காலையில் இருபத்திரண்டு மில்லிமீட்டர்.

மெர்விஸ்


சொல்வேஸி
2 பிப்ரவரி

பானா லுபுட்டோவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை ஆரம்பித்து அழித்துவிட்டேன்.

அந்த வரி படத்தில் இருந்தது. முதல் நாளே படித்தேன். படித்துவிட்டு வெளியே போய் ஒரு டயரைக் கழற்றினேன். கழற்ற வேண்டிய டயர்கூட இல்லை அது. மேற்பார்வையாளர் வந்து திட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்து உனக்குக் கட்டோங்கோவைப் பற்றியும் கோல்கீப்பரைப் பற்றியும் எழுதினேன். எழுத எழுத உன்மேல் கோபம் நன்றாக வந்தது. கோபம் இருந்தால் வேறு எதுவும் கிட்டே வராது. அதுதான் வேண்டியிருந்தது எனக்கு.

என் அம்மா இறந்தபோது நான் கசாமா வீட்டில் இல்லை என்று உனக்குத் தெரியும். வேலைக்குப் போயிருந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். வேலையெல்லாம் இல்லை. அம்மாவுக்கும் இதே இடத்தில்தான் வந்தது. புண்ணாகிவிட்டது. வீட்டுக்குள் கால் வைத்தாலே வாசனை வரும். எனக்கு இருபத்து மூன்று வயது. ஒருநாள் ப்ரிஸ்கா அக்கா, "தம்பி, அம்மாவுக்கு வலி மாத்திரை வாங்கிட்டு வா" என்று அனுப்பினாள். வாங்கினேன். தெருக்கோடியில்தான் கடை, எதிரே ஒரு சிமெண்ட் லாரி நின்றது. ஏறிவிட்டேன். ஐந்து வாரம் கழித்துச் சவப்பெட்டியைப் பார்க்கத்தான் திரும்பினேன். மாத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அக்கா இன்றுவரை அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவள் கேட்காததுதான் என்னால் தாங்க முடியாதது.

யாரிடமாவது காட்டினாயா? என்ன சொன்னார்கள்? 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை விடுப்பு வாங்கிவிட்டேன். காலை பஸ்ஸில் ஏறினால் சாயங்காலம் வந்துவிடுவேன். லுபுட்டோவிடம் சொல்.

பாஷி லுபுட்டோ


லுவான்ஷியா
20 பிப்ரவரி

பாஷி லுபுட்டோ,

பத்தாம் தேதி லுபுட்டோ பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்து கீரையில் வேர்க்கடலை அரைத்துவிட்டுச் சமைத்தாள். இருவரும் பஸ் நிலையத்துக்குப் போனோம். கிட்வே வழியாக வந்த பஸ் ஒவ்வொன்றும் காலியாகும்வரை பார்த்தோம். ஆறு மணிக்கு அவள், "அம்மா, கால் வலிக்குது, போலாம்" என்றாள். அவளுக்கா கால் வலிக்கும்? எனக்காகச் சொன்னாள். வந்து சாப்பிட்டோம். உங்கள் தட்டை எடுத்து வைத்தவளும் அவள்தான், கழுவாமல் திரும்ப அடுக்கியவளும் அவள்தான்.

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சபைப் பெண்கள் என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவியம்மா, "எந்த ஞாயித்துக்கிழமை நம்பல? தேதி சொல்லு" என்றார். "மழை குறிச்சு வச்ச நோட்டு வீட்ல இருக்கும்மா. அதப் பார்த்தா ஒருவேளை ஞாபகம் வரும், எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன். கிண்டலாகச் சொல்லவில்லை, களைப்பில் அப்படி வாயில் வந்துவிட்டது. கோடியில் உட்கார்ந்திருந்த உங்கள் அக்கா பக்கென்று சிரித்துவிட்டார். அப்புறம் எழுந்து, "அவளுக்கு உடம்பு சரியில்ல. அந்த வரிய நீங்க நாலு பேரும் படிச்சீங்கதான? கேள்விய முடிங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மறுநாள் கபெண்டா கருவாடு வறுத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரே உப்பு. மூவரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டோம்.

எண்டோலா பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கட்டியிலிருந்து துளி எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வாங்க 16ஆம் தேதி தனியாகப் போனேன். எண்டோலா ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று மழைக்கூட்டத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். போய் இறங்கினால் வாசலில் பெரிய கறுப்புக் குடையோடு ஒரு முதியவர். "அம்மா, நீங்கதான் கோல்கீப்பரா?" என்று கத்தினார். சிம்விங்கா என்று பெயர். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். எண்டோலாவில் இருபது வருடமாக மழை அளக்கிறார். காது கேட்காது, அதனால் அவரும் கத்துவார், நாமும் கத்த வேண்டும்.

நாலு மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். "என்ன சொன்னாங்க?" என்றார். "புத்துநோய்" என்றேன். காதருகே கையை வைத்தார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை. மூன்றாவது தடவை அந்தத் தாழ்வாரம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அப்போதுதான் எனக்கே கேட்டது. அவர் பையிலிருந்து வாழைப்பழம் ஒன்றை எடுத்து, உரித்து, கையில் கொடுத்தார்.

மார்ச் 9 அறுவை சிகிச்சை. மார்பை முழுதாக எடுக்கிறார்கள்.

நீங்கள் சிங்கோலாவரை வந்து இறங்கிவிட்டீர்கள் என்று லுபுட்டோ சொன்னாள். அங்கிருந்து அவளுக்கு நீங்கள் போன் செய்தீர்களாமே. என்னிடம் சொல்ல அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. பதினாறு வயதுப் பெண்ணிடம் இதையெல்லாம் சுமக்கக் கொடுக்காதீர்கள்.

மெர்விஸ்


சொல்வேஸி
22 பிப்ரவரி

மெர்விஸ்,

பதினெட்டு வருடத்தில் உன்னை இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுதிப் பார்க்கிறேன். வேறு யாருடைய மனைவிக்கோ எழுதுவது போல இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன், சாக்காக எடுத்துக்கொள்ளாதே. சிங்கோலாவில் பஸ் பத்து நிமிடம் நின்றது. பக்கத்து இருக்கைக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். மடியில் ஆஸ்பத்திரிப் பை. மருந்து வாசனை. "தண்ணி வாங்கிட்டு வரேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். யாரென்றே தெரியாதவரிடம் எதற்குப் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வந்தது. அதுவும் போயிற்று. மக்காச்சோளம் விற்கிற பெண் நாலாவது தடவை, "ஐயா, யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். எனக்காகத்தான் என்று சொல்ல வந்தது. ஒரு கதிர் வாங்கிக்கொண்டு, சொல்வேஸி பஸ் நிற்கும் எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

என் தட்டை லுபுட்டோ அடுக்கி வைத்ததைப் படித்தேன். நீ என்னைத் திட்டியிருக்கலாம். முழுக் கடிதத்திலும் திட்டு ஒன்றுகூட இல்லை.

யாரோ ஒரு செவிட்டுக் கிழவர் வந்து நின்றிருக்கிறார், நான் வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது. பார்த்துக்கொள், எப்பேர்ப்பட்ட ஆள் நான்.

அவர் உன்னைக் கோல்கீப்பரா என்று கேட்டாரே, அதை நானும் கேட்கிறேன். எந்த அணி? ஏன் விட்டாய்? அப்புறம் இன்னொன்று. முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? சண்டைக்காகக் கேட்கவில்லை.

கெர்ஷம்


லுவான்ஷியா
5 மார்ச்

கெர்ஷம்,

எனக்கும் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பழகிவிடும்.

ஆஸ்பத்திரி ஊழியர் பெண்கள் அணி. உங்களைப் பார்ப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. கபுவேயில் ஒரு ஆட்டம், பெனால்டி. அடிக்க வந்தவள் அழுதுகொண்டிருந்தாள், அவளுடைய பயிற்சியாளர் ஏதோ திட்டியிருந்தார். நான் வலது பக்கம் பாய்ந்தேன், அவள் இடது பக்கம் அடித்தாள். தோற்றோம். அவள் ஓடிவந்து என்னைத்தான் முதலில் கட்டிப்பிடித்தாள். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அப்புறம் அதிகம் கிடைக்கவில்லை. நம் கல்யாணம் பேசியதும் நிறுத்தினேன். நீங்கள் நிறுத்தச் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. நீங்கள் பார்க்கிற ஆட்டங்களில் கோல்கீப்பர் பந்தை விடும்போதெல்லாம், "இதுகூடப் பிடிக்கத் தெரியல பாரு" என்பீர்கள். நான் போய்த் தேநீர் வைப்பேன்.

இரண்டாவது கேள்வி. அக்டோபர் 24 சுதந்திர தின விடுமுறைக்கு நீங்கள் வந்தீர்கள். கட்டியை நான் கண்டுபிடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. நீங்கள் கூரைத் தகட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தீர்கள். ஏணிக்குக் கீழே வந்து நின்றேன். வாயில் ஆணியை வைத்துக்கொண்டு, "எல்லாம் நல்லாத்தான இருக்கு? பிரச்சனை ஒண்ணும் இல்லல்ல? நல்லது" என்றீர்கள். கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. சுத்தியலை நீட்டினேன், வாங்கிக்கொண்டீர்கள். கெட்ட எண்ணத்தில் நீங்கள் சொல்லவில்லை. எனக்கு மறுபடி ஆரம்பிக்கத் தெம்பில்லை.

ஜனவரியில் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தபோது திரையில் ஒரு பெட்டி வந்தது. காலியாக இருந்தது. நான் எழுதும்வரை குறுக்கே யாரும் பேசவில்லை. கருவிகள், கால்பந்து, லுபுட்டோ என்று எழுதிக்கொண்டே போனேன். அது தானாக வந்து விழுந்துவிட்டது. அழிக்கலாம் என்று பார்த்தேன். அதை அழித்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் போலிருந்தது. கனம் தெரியாமல் இருக்கட்டும் என்று பின்னாலேயே ரொட்டியைப் போட்டேன்.

இப்போது மிகவும் களைப்பாக இருக்கிறது. நோயினால் இல்லை, ஊசி போட்டதாலும் இல்லை. எல்லோரும் வந்து தைரியம் சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நான் தைரியமாக இருப்பதாகக் காட்ட வேண்டியிருக்கிறது. வேலையிலும் அப்படித்தான். நேற்று கருவித் தட்டு அடுக்கும்போது, வியாழக்கிழமை இதில் எது எனக்கு என்று தோன்றியது. எனக்கு எண்டோலாவில் செய்கிறார்கள், இந்தத் தட்டு இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கழுவினேன்.

லுபுட்டோ ப்ரிஸ்கா அக்காவோடு இருப்பாள். அக்காவிடம் அந்த மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள். அவருக்கும் வயதாகிறது.

உங்களை வா என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு தடவை பஸ் நிலையத்தில் நின்றாயிற்று.

மெர்விஸ்


எண்டோலா, பெண்கள் வார்டு
14 மார்ச்

கெர்ஷம்,

இதை லுபுட்டோ கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் இந்த ஊரிலேயே, சிம்விங்கா வீட்டுப் பின்னறையில் தங்கியிருக்கிறீர்கள் என்று அவள்தான் சொன்னாள், அவர் விலாசத்தை உங்களுக்குக் கொடுத்ததும் அவளாம். அவருடைய கத்தலில் எப்படித் தூங்குகிறீர்களோ.

வெள்ளிக்கிழமையிலிருந்து நீங்கள் வருவது எனக்குத் தெரியும். என் கட்டில் ஜன்னலைப் பார்த்து இருந்தாலும் கண்ணாடியில் கதவு தெரிகிறது. மூன்று மணிக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, நின்று, மறுபடி மாட்டிக்கொண்டு போய்விடுகிறீர்கள். வெள்ளியன்று நான் எண்ணியதில் நூறு வரும்வரை நின்றீர்கள். நேற்று அதைவிட அதிகம்.

இன்று சூல்வே நர்ஸ் கேட்டாள். "அம்மா, கதவுகிட்ட தினமும் ஒரு ஆள் வந்து நிக்கிறார். எந்தக் கட்டிலுக்கும் போறதில்ல. யாருன்னு தெரியுமா? காவலாளியக் கூப்பிடவா?"

"வேணாம்மா. அவர் எனக்குத் தெரிஞ்சவர்தான்."

"யாரு?"

ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்ததும் அது போதவில்லை. "பேரு கெர்ஷம். சொல்வேஸில ஆள் உயரத்துக்கும் மேல டயர் இருக்கிற லாரிய ரிப்பேர் பண்றவர். கூரை ஒழுகினா மழை நிக்கிறதுக்குள்ள ஏறிடுவார். நல்லாப் பாடுவார், ஆனா சட்டை தேய்க்கிறப்ப மட்டும். அவங்க அம்மா சாகக் கிடந்தப்ப ஓடிப் போனவர். என்னப் பார்க்க வர்றப்பவும் பாதி வழியில திரும்பினவர். என் வீட்டுக்காரர்" என்றேன்.

பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இப்ப வந்திருக்காரே" என்றார்.

"ஆமா. இப்ப வந்திருக்கார்."

சூல்வே, "அப்ப நான் போய் உள்ள கூட்டிட்டு வரட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். கையைப் பிடித்து இழுத்துவந்தால் நீங்கள் வந்ததாக ஆகாது.

மருத்துவர் சொன்னது இது. கட்டியை முழுதாக எடுத்தாயிற்று. அக்குளில் மூன்று நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. ஏப்ரலில் லுசாகாவில் மருந்து ஏற்ற ஆரம்பிக்க வேண்டும், ஆறு தடவை. அதற்கப்புறம் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தையலை நேற்றுத்தான் பார்த்தேன். அழகாக இல்லை. ஆனால் சுத்தமாக இருக்கிறது, இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தவள் சொல்கிறேன். வாசனை எதுவும் இல்லை. நீங்கள் அதற்குத்தான் பயப்படுகிறீர்கள் என்றால் தெரிந்துகொள்ளுங்கள். வேறு எதற்காவது என்றால் என்னால் உதவ முடியாது. எனக்கே இன்னும் பயம் போகவில்லை.

எனக்குத் தைரியம் சொல்ல வேண்டாம். பேசவே வேண்டாம். இத்தனை பேரோடு பேசிப் பேசி வாய் ஓய்ந்துவிட்டது.

மெர்விஸ்


எண்டோலா
14 மார்ச், சாயங்காலம்

மெர்விஸ்,

லுபுட்டோ வாசலில் நிற்கிறாள், பதில் வாங்காமல் போகமாட்டேன் என்கிறாள்.

காலையில் அக்காவோடு பேசினேன். மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். அப்புறம், "எனக்குத் தெரியும்டா. லாரில நீ ஏறுறத நான் ஜன்னல்ல இருந்து பார்த்தேன்" என்றாள்.

நாளை மூன்று மணிக்கு வருகிறேன். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி இல்லை, கதவிலிருந்து தினமும் பார்க்கிறேன். ஒன்று போடச் சொல். நின்றுகொண்டிருந்தால் நான் போய்விடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

கெர்ஷம்